முசாபரி பங்களாவும் காலைப் பலகாரமும்

திருவள்ளூரில் கோயில் கொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளின் ஸ்தல புராணம் ஒரு விருந்தாளியின் கதை. சாலிஹோத்திரர் என்னும் முனிவர், ஹிருத்தாபநாசினி தீர்த்தக் கரையில் நெடுநாள் உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று கொஞ்சம் அரிசியைச் சேர்த்து மாவாக்கி, பகவானுக்கு நிவேதனம் செய்து, அதிதிக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துக் காத்திருந்தபோது, கிழவர் ஒருவர் வந்து அந்தப் பங்கை உண்டார். பசி அடங்கவில்லை என்று முனிவர் தமக்கென வைத்திருந்ததையும் கேட்டு வாங்கி உண்டார். உண்ட களைப்புத் தீரப் படுக்க வேண்டும், எவ்வுள் என்று வினவினார். முனிவர் தம்முடைய பர்ணசாலையையே காட்டினார். உள்ளே போய்ச் சயனித்தவர் சாக்ஷாத் பகவானே என்பது பிற்பாடுதான் முனிவருக்கு விளங்கியது. அந்தக் கேள்வியே ஊருக்குத் திருஎவ்வுள் என்று பெயராயிற்று. மூலவரும், வலக்கரத்தை முனிவரின் சிரசின்மேல் வைத்துக்கொண்டு, அந்த விருந்தாளியின் கிடந்த கோலத்திலேயே இன்றளவும் சேவை சாதிக்கிறார்.

உண்ண ஒரு வேளை ஆகாரம், படுக்க ஓர் உள் என்ற இந்த இரண்டையும் வைத்தே மேல்நாட்டார் ஒரு தொழிலைக் கட்டி வளர்த்திருக்கிறார்கள். விக்டோரியா மகாராணி ஆண்ட 1837ஆம் ஆண்டு முதல் 1901ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிற்றூர்தோறும் எழுந்த பெரிய வீடுகள், கட்டியவர்களின் பேரன் பேத்தி காலத்தில் பராமரிக்க வழியின்றி நின்றபோது, உடைமையாளர்கள் அவற்றை விற்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. தாங்கள் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு, மற்ற அறைகளைச் சுத்தம் செய்து, பாட்டனார் காலத்துக் கட்டிலையும் நிலைக்கண்ணாடியையும் அப்படியே போட்டு, வழிப்போக்கர்களுக்கு இரவு தங்க இடமும் விடிந்ததும் தங்கள் அடுக்களையில் சமைத்த பலகாரமும் கொடுக்கத் தொடங்கினார்கள். பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்று அவர்கள் அழைக்கும் இந்த ஏற்பாட்டில் தங்குபவன் வெறும் வாடிக்கைக்காரன் அல்லன். வீட்டுக்காரர் மேஜையில் உட்கார்ந்து அந்த ஊரின் கதையைக் கேட்கும் அதிதி. ஓட்டல் அறை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். பழைய வீடோ அந்த ஊரைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் தங்க விரும்புகிறவர்கள் உதகைக்கும் குன்னூருக்கும் போகிறார்கள். கணப்பு அடுப்பும் சாளரமாடமும் கொண்ட அந்தக் காலத்து மாளிகைகள் மலைமேல் நிறைய உண்டு. பல விடுதிகளாகவும் மாறிவிட்டன. அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் சொல்ல நினைப்பது சமவெளியைப் பற்றி, அதிலும் லாரிகளும் புகைபோக்கிகளும் நிறைந்ததென்று எல்லாராலும் ஒதுக்கப்படுகிற நமது திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றி.

விக்டோரியா காலம் தென்னாட்டில் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் இந்த மண்ணுக்குத்தான் வரவேண்டும். 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ஓடியபோது, அது திருவள்ளூர் வழியாகத்தான் போயிற்று. அன்றே விடப்பட்ட மற்றொரு ரயில் திருவள்ளூரையே எல்லையாகக் கொண்டு வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1863இல், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் ஓடைக்கரையில் நடந்து, ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவிகளைக் கண்டெடுத்து, இந்தியாவின் சரித்திரத்தைப் பல லக்ஷம் ஆண்டுகள் பின்னால் தள்ளினார். 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குக் குடிநீர் போகத் தொடங்கியது. இந்தக் காரியங்களையெல்லாம் செய்த எஞ்சினீயர்களும், நிலமளந்த சர்வேயர்களும், ஜமாபந்திக்குப் புறப்பட்ட அதிகாரிகளும் சாயங்காலமானால் குதிரையை விட்டு இறங்கி எங்கேயோ தங்கத்தானே வேண்டும்? அவர்களுக்காக எழுந்ததுதான் முசாபரி பங்களா.

பெருவழிச் சாலைகளில் ஒரு நாள் பிரயாணத் தூரத்துக்கு ஒன்றாகச் சர்க்கார் இவற்றைக் கட்டிவைத்தது. பெரும்பாலும் ஒரே அச்சுதான்: நடுவில் ஒரு கூடம், இருபக்கமும் ஸ்நான அறையோடு கூடிய இரண்டு படுக்கையறைகள், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம், பின்புறம் தள்ளிச் சமையற்கட்டு, அதற்கப்பால் லாயம், வாசலில் ஒரு கிணறு, நிழலுக்கு இரண்டு புளியமரங்களோ ஆலமரமோ. தாழ்வாரத்தில் காலை நீட்டிப் போட்டுக்கொள்ளக் கைகள் நீண்ட பிரம்பு நாற்காலி. முன்தகவல் இல்லாமல் யார் எந்த நேரத்தில் வந்தாலும் சமையற்காரர் கோழி அடித்துச் சோறு போடுவார். வந்தவர் பெயர், உத்தியோகம், வந்த நேரம், போன நேரம், குறைநிறை எல்லாம் எழுத ஒரு தடித்த புத்தகம் மேஜைமேல் கிடக்கும். கெடு கடந்து தங்கியவர் புதிதாக வருகிறவருக்கு இடம் விட்டுப் போகவேண்டுமென்பது விதி. சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் இவை பயணியர் விடுதி என்றும் டி.பி. என்றும் வழங்கின, அநேகம் இடிந்தன, சில ஆபீஸ்களாயின, ஒன்றிரண்டு இன்னும் பொதுப்பணித் துறையின் பூட்டுக்குள் இருக்கின்றன.

இந்தக் கட்டடங்களின் கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று உலகமெங்கும் கட்டடக் கலைஞர்கள் பேர் சொல்லும் வித்தை அது. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்தரங்களைப் பாய்ச்சி, அவற்றின்மேல் அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சிறு செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக வரிசை வரிசையாகக் கோத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஸ்திரீகள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தாளம் தப்பாமல் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். சாந்துக்கான சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. கிளிஞ்சலுக்கோ நம் பழவேற்காட்டு ஏரியைவிடப் பெரிய களஞ்சியம் வேண்டியதில்லை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப்பாகும் விட்டு, வட்டச் செக்கில் மாடு கட்டி அரைத்த அந்தச் சாந்து மூச்சு விடும். மழைக்காலத்தில் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளிவிடும். சித்திரை வைகாசியில் வெளியே அனல் வீசும்போது, இருபது அடி உயரக் கூரையும் இரண்டடிச் சுவரும் உள்ள அறைக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்வது எந்த யந்திரமும் ஓடாமல் நடக்கிற காரியம். இந்தச் சுவர்களின்மேல் இப்போது பலர் சிமென்ட் பூசுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு மழைக்குள் சுவர் பொரிந்து உதிரும். பிறகு வீடு பழசாகிவிட்டது, இனித் தாங்காது என்று இடித்துவிடுவார்கள். வீடு தானாகச் சாவதில்லை, தவறான வைத்தியத்தால் சாகிறது என்பதே என் அபிப்பிராயம்.

துரைமார்களின் பங்களாவை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. அதே விக்டோரியா காலத்தில் நம்மவர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடுகளும் இருக்கின்றன. திருவள்ளூர்க் கோயிலைச் சுற்றிய வீதிகளில், பொன்னேரியில், பழவேற்காட்டில், இரண்டு பக்கமும் திண்ணை, பர்மாத் தேக்குத் தூண், நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், 1865இல் மங்களூரில் பாஸல் மிஷன்காரர்கள் ஓட்டுச் சாலை தொடங்கிய பிறகு நாடெங்கும் பரவிய சிவப்பு ஓடு என்று அமைந்த வீடுகள் இன்னும் கண்ணில் படும். அந்தத் திண்ணை எதற்காக? வீட்டுக்காரன் தான் உட்காருவதற்கு மட்டும் அன்று. அமாவாசைக்கு முதல் நாளே நடந்தும் வண்டி கட்டியும் வந்து சேர்ந்து, இரவெல்லாம் தங்கி, விடியற்காலையில் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, வைத்திய வீரராகவரைத் தரிசித்துப் போகிற ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் யாரையும் கேட்காமல் தலைசாய்த்துக்கொள்ள அது உரியது. சத்திரங்களில் இடமில்லாதபோது ஊரே சத்திரமாயிற்று. சொத்துரிமை பாராத அந்த உபசாரம் இன்று சாத்தியமில்லை. திண்ணைகளுக்குக் கம்பி போட்டாகிவிட்டது. ஆனால் அந்த வீட்டின் உள்ளே இரண்டு அறைகளை நியாயமான வாடகைக்கு விட்டு, காலையில் நான்கு இட்டலியும் ஒரு தம்ளர் காப்பியும் கொடுப்பதற்கு என்ன தடை?

தடையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பிரத்தியக்ஷமான சான்று தரங்கம்பாடி. 1620 முதல் டேனிஷ்காரர்கள் வசமிருந்து, 1845இல் வங்காளத்து சீராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லக்ஷம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட அந்தச் சிற்றூர், சில ஆண்டுகள் தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டரின் தலைமையிடமாக விளங்கிற்று. பிறகு கச்சேரி தஞ்சைக்குப் போயிற்று, ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, கப்பல் வருவது நின்றது, ஊர் உறங்கிவிட்டது. உறங்கியதனாலேயே வீடுகள் தப்பின. டான்ஸ்போர்க் கோட்டைக்கு அருகே, கடலுக்கு எதிரே, சுற்றுத் தாழ்வாரத்தோடு நிற்கும் பழைய கலெக்டர் பங்களாவை இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் ஒத்துழைப்போடு நீம்ரானா நிறுவனத்தார் செப்பனிட்டு, விருந்தினர் விடுதியாக்கினார்கள். அறைகளுக்கு எண் இல்லை. முன்னாளில் இந்தத் துறைக்கு வந்துபோன டேனிஷ் கப்பல்களின் பெயர்களே அறைகளின் பெயர்கள். அவ்வூரிலேயே தமிழ்ப் பாங்கில் அமைந்த பழைய வீடொன்றையும் அவர்கள் அதேபோல் விடுதியாக்கினார்கள். திண்ணை வீடும் பங்களாவுக்கு இளைத்ததன்று என்பதை அது காட்டிற்று.

அங்கே நான் தங்கிய இரவில் மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சரித்திரப் புத்தகத்தில் சீகன்பால்கு பாதிரியார் 1706இல் வந்திறங்கினார் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவர் இறங்கிய அந்தக் கரையில் அலை எவ்வளவு முரட்டுத்தனமாக அடிக்கிறது, துறைமுகம் என்று சொல்லும்படி ஒரு வளைவுகூட அங்கே இல்லாமையால் மசூலாப் படகில் இறங்குவது எத்தகைய சாகசமாக இருந்திருக்கும் என்பது, இரவு முழுவதும் அந்த ஓசையைக் கேட்டுப் படுத்திருந்த பிறகே எனக்கு அர்த்தமாயிற்று. பகலில் வந்து, கோட்டையைச் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு, மாலையில் காரேறிப் போகிறவர்களுக்கு இந்த ஞானம் கிட்டாது. காலையில் பரிமாறியவர் அந்த ஊர்க்காரர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆழிப்பேரலை வந்த காலையைப் பற்றி அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே தோசையை வைத்தார். அதைக் கேட்டபின் அந்தக் கடலை நான் பார்த்த பார்வையே வேறு. காரைக்குடியில் 1999 முதல் மீனாக்ஷி மெய்யப்பன் அம்மையார் நடத்தி வளர்த்த 'பங்களா'விலும் இதே ரகசியம்தான்: கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

தரங்கம்பாடியின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஊர் நம் மாவட்டத்தில் இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களுடைய தலைமையிடம். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை புதர் மூடிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும், வாசலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லோடு, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கப்பட்டு, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியால் வாடிய ஜனங்கள் கூலிக்கு வெட்டி விஸ்தரித்து, கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாய், இந்த ஏரியைச் சென்னையோடு இணைத்தது. ஸ்ரீஹரிகோட்டாச் சவுக்கு விறகும் உப்பும் நெல்லும் மீனும் படகில் போயின. துரைமார் குடும்பங்கள் அதே கால்வாயில் எண்ணூருக்கு உல்லாசப் பிரயாணம் போயின. பின்னர் வடக்கே போன ரயில் பாதை பழவேற்காட்டைத் தொடாமல் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்றுவிட்டது. தரங்கம்பாடிக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

ஆனால் தரங்கம்பாடிக்கு இல்லாத ஒரு பாக்கியம் பழவேற்காட்டுக்கும் திருவள்ளூருக்கும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதுதான். பழைய வீட்டை விடுதியாக்குகிறவனைக் கொல்வது வார நாட்களின் வெறுமை. சனி ஞாயிறுகளில் ஜனங்கள் வருவார்கள், திங்கட்கிழமை காலையில் சமையற்காரருக்கு வேலையிராது, ஆனால் சம்பளமுண்டு. நமது மாவட்டத்திலோ நிலைமை நேர் எதிர். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷலின் டயர்த் தொழிற்சாலை, எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி என்று, உருக்காலையிலிருந்து மோட்டார்த் தொழில் வரையில் பரவிக் கிடக்கும் இந்தப் பிரதேசத்துக்கு யந்திரம் நிறுவவும், பழுது பார்க்கவும், தணிக்கை செய்யவும் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நிபுணர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். ஜி.என்.டி. சாலையோர லாட்ஜில் தங்க மனமில்லாதவர்கள் சென்னை ஓட்டல்களில் அறை எடுத்துக்கொண்டு, தினந்தோறும் லாரி நெரிசலில் மணிக்கணக்காகக் காரில் உட்கார்ந்து போய்வருகிறார்கள். ஒசாகாவிலிருந்தோ பூனாவிலிருந்தோ வந்த எஞ்சினீயர் ஒருவர் மாலை ஷிஃப்டு முடிந்ததும் புளியமரத்தடியில் ஒரு பழைய தாழ்வாரத்துக்குத் திரும்பி, குளித்து, காற்றாட உட்கார்ந்து, வீட்டு அம்மா சமைத்த மீன் குழம்போ பருப்புச் சாதமோ சாப்பிட்டு, மறுநாள் பொங்கலும் வடையும் தின்றுவிட்டு அரைமணியில் ஆலைக்குப் போக முடியுமென்றால், அவர் ஓட்டலை நாடுவாரா? வார நாட்களுக்கு ஆலை விருந்தினரும், சனி ஞாயிறுக்குப் பழவேற்காட்டு ஏரியில் பூநாரை பார்க்க வருகிற பட்டணத்துக் குடும்பங்களும், அமாவாசைக்கு யாத்திரிகர்களும் என்று மூன்று வகை விருந்தினர் முறை வைத்து வரக்கூடிய இடம் தமிழ்நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

ஆலைகள் வந்து ஊரின் பழமையை அழிக்கின்றன என்பதே இதுவரை நாம் பாடி வந்த பாட்டு. நிலவிலை ஏறுகிறது, வீட்டை இடித்து ஆறு ஏழு சிறு அறைகளாகத் தடுத்து வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டால் கைமேல் பணம் என்பது உண்மைதான். அந்தத் தொழிலாளர்களுக்கும் கௌரவமான தங்குமிடம் வேண்டும். அது வேறு பெரிய விஷயம், தனியாக எழுதவேண்டியது. ஆனால் நூற்றைம்பது வருஷத்துத் தேக்குத் தூணைப் பழைய மரக்கடைக்கு எடைபோட்டு விற்றவர் அதே ஆலைகளின் விருந்தினரைக் கொண்டே அந்த வீட்டை நிறுத்தியிருக்கலாம் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

விதிகளும் கடினமானவை அல்ல. மத்திய சர்க்காரின் சுற்றுலா அமைச்சகம் வைத்திருக்கும் 'இன்கிரெடிபிள் இந்தியா' பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை, பன்னிரண்டு படுக்கைகளுக்கு மேற்படாமல் விடலாம். வசதியைப் பார்த்து வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறார்கள். 1950க்கு முன் கட்டிய பெரிய மாளிகைகளுக்குப் பாரம்பரிய ஓட்டல் என்ற தனி வகை உண்டு. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டே பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, விருந்தினர் இருக்கிறார்கள். வீடுகள்தாம் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன.

ஜில்லா நிர்வாகத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொதுப்பணித் துறையிடமும் உள்ளாட்சி அமைப்புகளிடமும் பூட்டிக்கிடக்கும் பழைய பயணியர் விடுதிகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, சிமென்ட் தொடாமல் சுண்ணாம்பாலேயே செப்பனிட்டு, உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் சமையலையும் பராமரிப்பையும் ஒப்படைத்து, பொதுமக்கள் பணம் கொடுத்துத் தங்கும்படி திறந்துவைக்க வேண்டும். அச்சுக்கல் அடுக்கத் தெரிந்த கொத்தனார்களும் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்களும் இன்னும் சிலராவது இருக்கிறார்கள். அந்த ஒரு வேலையில் பத்து இளைஞர்கள் அவர்களிடம் கை பழகிக்கொள்வார்கள். சிப்காட்டில் உள்ள பெரிய ஆலைகள் தங்கள் விருந்தினர்களுக்கு வருஷத்தில் இத்தனை நாள் என்று அறைகளை முன்கூட்டியே பேசிக்கொண்டால், விடுதி முதல் வருஷத்திலேயே காலூன்றிவிடும்.

மற்றது வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. திருவள்ளூர்க் கோயில் வீதிகளிலோ, பொன்னேரியிலோ, பழவேற்காட்டிலோ பாட்டனார் கட்டிய வீடு உங்களுக்கு இருந்து, அதை இடிக்க ஆள் பேசிக்கொண்டிருப்பீர்களானால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை தரங்கம்பாடிக்குப் போய், ஓர் இரவு தங்கி, காலைப் பலகாரம் சாப்பிட்டு, கணக்குப் புத்தகத்தையும் விசாரித்து வாருங்கள்.